வீடு மலைக்கு மேலேயா, கீழேயா: கர்வ் ஈவியும் கிரெட்டா எலெக்ட்ரிக்கும்

போடி, கம்பம், கூடலூர் பக்கம் கார் வாங்குகிற பலருக்கு வீடு தமிழ்நாட்டிலும் ஏலத்தோட்டம் இடுக்கியிலும் இருக்கிறது. பூப்பாறை, வண்டன்மேடு, குமுளி, வண்டிப்பெரியாறு என்று மலைமேல் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதே கதை தலைகீழாக: வீடு மேலே, கல்யாணமும் கடைத்தெருவும் கீழே. முந்தலில் தொடங்கும் ஏற்றம் போடிமெட்டில் முடியும்போது உயரம் கிட்டத்தட்ட 1000 மீட்டர் கூடியிருக்கும். லோயர்கேம்ப் வழியாகக் குமுளிக்குப் போனாலும், கம்பம்மெட்டு வழியாகப் போனாலும், இங்கே மாநில எல்லை மலையுச்சியில்தான் இருக்கிறது. சென்னையிலோ கொச்சியிலோ ஓட்டிப் பார்த்து எழுதிய மின்கார் ஒப்பீடுகள் இந்த ஊர்க்காரர்களுக்குப் பாதி வழிவரைதான் துணை வரும்.

இந்தப் பகுதியில் 20 லட்சத்தை ஒட்டிய மின்சார எஸ்யூவி என்று பேச்செடுத்தால் கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, 2024 ஆகஸ்டில் வந்த டாடா கர்வ் ஈவி. மற்றொன்று, 2025 ஜனவரியில் வந்த ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக். இரண்டிலும் பெரிய பேட்டரி உள்ள வகையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சின்ன பேட்டரி வகைகள் மலைக்கு ஆகாது என்பதால் அல்ல, விலை வித்தியாசத்தை விட நிம்மதி வித்தியாசம் பெரிது என்பதால். கர்வில் 55 கிலோவாட் அவர், கிரெட்டாவில் 51.4. நிறுவனங்கள் அறிவித்த தூரம் கர்வுக்கு 502, கிரெட்டாவுக்கு அறிமுகத்தில் 473 கிலோமீட்டர். இது சோதனைக்கூட எண். கர்வுக்கு நடைமுறையில் 400 முதல் 425 வரை வரும் என்று டாடாவே தனியாகச் சொல்கிறது. கர்வின் மோட்டார் 167 குதிரைத்திறன், கிரெட்டாவினுடையது 171. இரண்டும் முன்சக்கரத்தால் ஓடுபவை.

பேட்டரியில் உள்ள 3.6 யூனிட் (ஒரு கிலோவாட் அவர்தான் ஒரு யூனிட்) வித்தியாசத்தை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். கிரெட்டா கொஞ்சம் சிக்கனமாக ஓடுவதால் சமவெளியில் அது சரியாகிவிடுகிறது. தேனியிலிருந்து மதுரைக்கு 80, 90 வேகத்தில் போனால் இரண்டுமே 100 கிலோமீட்டருக்கு 14 முதல் 16 யூனிட் குடிக்கும் என்று வைத்துத் திட்டமிடலாம். குதிரைத்திறனில் இருக்கும் 4 எண் வித்தியாசத்தையும் மறந்துவிடலாம். ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

உண்மையான வித்தியாசம் பேட்டரிக்குள் இருக்கும் வேதியியலில் இருக்கிறது. கர்வில் இருப்பது எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். கிரெட்டாவில் இருப்பது என்எம்சி, அதாவது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது. விற்பனையாளர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு சன்ரூஃபுக்குப் போய்விடுவார்கள். மலையடிவாரத்தில் இருப்பவரும் மலையுச்சியில் இருப்பவரும் இந்த ஒரு வரியில்தான் பிரிகிறார்கள்.

ஏற்றத்தின் கணக்கு

நாலு பேரும் சாமான்களும் ஏறிய பிறகு இந்த வண்டிகளின் எடை சுமார் 2 டன். 2 டன்னை 1000 மீட்டர் உயர்த்த, இயற்பியல் விதிப்படி, 5.4 யூனிட் மின்சாரம் வேண்டும். இதில் எந்த நிறுவனத்தின் சாமர்த்தியமும் செல்லாது. அதன்மேல் டயர் உராய்வும் காற்றுத் தடையும் சேரும். மலைப்பாதையில் 30, 40 வேகத்தில்தான் போகிறோம் என்பதால் காற்று பெரிதாகத் தடுக்காது. 25 கிலோமீட்டருக்கு இரண்டும் சேர்ந்து 1.8 யூனிட் என்று வையுங்கள். மோட்டாரிலும் அதன் மின்னணுப் பகுதியிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு வெப்பமாகப் போகும். ஏசி முக்கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கு மேல். கூட்டினால் 9 யூனிட். சமவெளியில் இதே 25 கிலோமீட்டருக்கு 4 யூனிட்டுக்குள் முடிந்திருக்கும்.

ஆக, போடியிலிருந்து போடிமெட்டு வரையிலான ஏற்றத்தை, பேட்டரியைப் பொறுத்தவரை, சமவெளியில் 60 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 55 யூனிட் வண்டியில் அது 16, 17 சதவீதம். 51.4 யூனிட் வண்டியில் 17, 18. மேலே போய்ச் சேரும்போது திரையில் மீதி தூரம் என்று காட்டும் எண் படீரென்று விழுந்திருக்கும். வண்டி கடைசியாக ஓடிய சில கிலோமீட்டரின் செலவை வைத்து அதைக் கணிக்கிறது. ஏற்றம் முடிந்துவிட்டது என்பது அதற்குத் தெரியாது. அதே காரணத்தால், இறங்கி முடித்ததும் அது காட்டும் பெரிய எண்ணையும் நம்பக் கூடாது. மலைப்பாதையில் சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

இனி குதிரைத்திறன் விஷயம். 5 சதவீதச் சரிவில் 35 வேகத்தில் 2 டன்னை ஏற்ற சக்கரத்தில் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 12 கிலோவாட். சரிவு இரட்டிப்பாகி 10 சதவீதமானால் 22 கிலோவாட். இரண்டு மோட்டார்களும் 120 கிலோவாட்டுக்கு மேல் தரக்கூடியவை. கொண்டை ஊசி வளைவில் முன்னால் ஒரு லாரி நின்று கிளம்பினாலும், இவற்றுக்கு மூச்சு வாங்காது. பெட்ரோல் வண்டிக்காரர்கள் மலையேற்றத்துக்காகத் திறனைப் பார்த்து வாங்கும் வழக்கம் இங்கே தேவையே இல்லை. உடனடியாக வரும் இழுவிசை ஈரத்தில் தொல்லைதான் தரும். மழை நாளில், பின்னால் மூட்டை ஏற்றி முன்சக்கரம் லேசாகியிருக்கும்போது, வளைவில் அழுத்தினால் முன்சக்கரம் சுழலும். ஏற்றத்துக்கு ஈக்கோ மோடு போடுவது மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல, மிதி மென்மையாக வேலை செய்யவும்தான்.

மூணாறு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போடிக்கும் மூணாறுக்கும் இடையிலான உயர வித்தியாசத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். போடிமெட்டிலிருந்து சாலை பூப்பாறைக்கு இறங்கி, மறுபடி கேப் ரோடு ஏறி, தேவிகுளம் வழியாக இறங்குகிறது. ஏறிய மீட்டர்களை எல்லாம் கூட்ட வேண்டும். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும், வழக்கமான கிலோமீட்டர் செலவுக்கு மேல், 0.6 முதல் 0.65 யூனிட் என்று சேர்த்தால் கணக்கு பெரும்பாலும் நிற்கும். மண்சரிவால் கேப் ரோடு அடைபட்ட மழைக்காலங்கள் உண்டு. ஆகவே ஜூன் முதல் நவம்பர் வரை, சேருமிடத்தில் 20 சதவீதம் மிச்சமிருக்கும்படி கிளம்புங்கள். சுற்றிப் போக அது வேண்டும்.

இறக்கத்தில்தான் தேர்வு

இறங்கும்போது நாம் ஏற்றி வைத்த 5.4 யூனிட் திரும்பக் கிடைக்குமா? முழுதும் இல்லை. அதில் 1.8 யூனிட் டயருக்கும் காற்றுக்கும் போகும். மீதி 3.6 யூனிட்டில், மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பேட்டரிக்குள் சேர்க்கும்போது முக்கால் பங்கு தேறும். ஏசி செலவைக் கழித்தால் 2 யூனிட் சொச்சம் கையில் நிற்கும். ஏறியதற்கு 9, இறங்கியதில் வரவு 2.2, போக வர 50 கிலோமீட்டருக்கு 6.8 யூனிட். அதாவது 100 கிலோமீட்டருக்கு 13.6. சமவெளிச் சிக்கனத்துக்குக் குறையவில்லை. மலை ஏறி இறங்கினால் மின்கார் சார்ஜை விழுங்கிவிடும் என்ற பேச்சு, ஒருவழிப் பயணத்துக்குத்தான் பொருந்தும்.

ஆனால் இந்த வரவு வர வேண்டுமென்றால் பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். 100 சதவீதம் ஏற்றிய வண்டியோடு மலையுச்சியிலிருந்து இறங்கினால், மின்னாக்கப் பிரேக் வேலை செய்யாது, செய்தாலும் அரைகுறை. அப்போது அந்த 3.6 யூனிட்டும் பிரேக் டிஸ்கில் வெப்பமாக இறங்கும். இந்த வண்டிகளில் இரண்டாவது கியர் போட்டு இன்ஜினால் இழுத்துப் பிடிக்கும் வசதி கிடையாது. 30 வருடமாக ஜீப்பை இரண்டாம் கியரில் இறக்கிப் பழகியவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வாங்க வேண்டும். கீழே இறங்கும்போது நம்மைப் பிடித்து வைப்பது மோட்டார்தான். அந்த மோட்டார் பிடிக்க வேண்டுமென்றால் பேட்டரி பசியோடு இருக்க வேண்டும்.

1000 மீட்டர் இறக்கத்துக்குப் பேட்டரியில் 5 சதவீத இடம் போதும் என்று கணக்கு சொல்லும். நடைமுறையில் 90 சதவீதத்தைத் தாண்டியதுமே வண்டி உள்வாங்கும் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கலாம் என்பதால், மேலிருந்து கிளம்பும்போது 85க்கு மேல் வேண்டாம்.

இங்கேதான் வேதியியல் உள்ளே வருகிறது. எல்எஃப்பி பேட்டரியின் மின்னழுத்தம், 20 சதவீதத்தில் இருந்தாலும் 80 சதவீதத்தில் இருந்தாலும், ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். எவ்வளவு மிச்சம் என்பதை அழுத்தத்தை வைத்து வண்டியால் கண்டுபிடிக்க முடியாது. அவ்வப்போது 100 வரை ஏற்றினால்தான் அளவு சரிப்படும், செல்களும் ஒன்றுக்கொன்று சமமாகும். இல்லையென்றால் 15 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று 5க்கு இறங்கும் தொல்லை வரலாம். என்எம்சி இதற்கு எதிர். தினசரி 80 சதவீதத்தில் நிறுத்துவதே அதற்கு நல்லது. 100 வரை ஏற்றி வெயிலில் நிறுத்தி வைத்தால் ஆயுள் குறையும். நெடும்பயணத்துக்கு முன் மட்டும் முழுதாக ஏற்றிக் கையோடு கிளம்பிவிட வேண்டும்.

இப்போது இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். போடியில் வீடு. ராத்திரி வீட்டில் 100 வரை ஏற்றுகிறீர்கள். காலையில் முதல் வேலையே ஏற்றம், உச்சிக்குப் போகும்போது 80 சொச்சம். திரும்ப இறங்கும்போது பேட்டரியில் தாராளமாக இடம் இருக்கிறது. எல்எஃப்பிக்கு என்ன வேண்டுமோ அது தானாகவே நடக்கிறது. வெயில் அடிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் அதிக வெப்பத்தைத் தாங்குவதிலும், ஏற்றி இறக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையிலும் எல்எஃப்பி முந்தி நிற்கிறது.

அடுத்தது பூப்பாறையிலோ, வண்டன்மேட்டிலோ, மூணாறிலோ வீடு. காலையில் முதல் வேலை இறக்கம். 100 வரை ஏற்றினால் மின்னாக்கப் பிரேக் போகும். ஏற்றாமலே இருந்தால் எல்எஃப்பியின் அளவு கலங்கும். வாரத்தில் எங்கும் போகாத ஒரு நாளைக்கு முந்தின ராத்திரி 100 ஏற்றி, மறுநாள் உள்ளூரில் ஓட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதைத் தவறாமல் செய்யும் ஒழுங்கு வீட்டில் எல்லோருக்கும் இருக்குமா என்று யோசியுங்கள். கிரெட்டாவில் 80 என்று ஒருமுறை வரம்பு வைத்தால் வேலை முடிந்தது; பேட்டரிக்கும் நல்லது, இறக்கத்துக்கும் நல்லது.

குளிரும் மேல்வீட்டுக்காரரை அதே பக்கம் தள்ளுகிறது. ஜனவரி விடியலில் மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் புல்மேல் பனி உறைகிறது. உறைநிலையை நெருங்கும்போது எல்எஃப்பி செல் சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். அதே காரணத்தால் முதல் சில கிலோமீட்டருக்கு மின்னாக்கப் பிரேக்கும் பலவீனமாக இருக்கும். என்எம்சிக்கும் குளிர் பிடிக்காதுதான், ஆனால் அந்த அளவு முரண்டு பிடிக்காது. எந்த வண்டியானாலும் குளிர்காலத்தில் சார்ஜ் முடியும் நேரத்தை விடியற்காலைக்கு வரும்படி வையுங்கள். சார்ஜ் ஏறி முடித்த பேட்டரி கதகதப்பாக இருக்கும்.

ஓட்டும் விதத்தில், கர்வில் ஸ்டீயரிங் பின்னால் உள்ள துடுப்புகளால் மின்னாக்கப் பிரேக்கின் பலத்தை நாலு படிகளில் மாற்றலாம். கிரெட்டாவிலும் துடுப்புகள் உண்டு. அதற்கு மேல் ஐ-பெடல் என்ற ஒற்றை மிதி முறையும் உண்டு, மிதியிலிருந்து காலை எடுத்தாலே வண்டி முழுதாக நிற்கும். தனியாக இறங்கும்போது ஐ-பெடல் அருமை. பின்சீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் அதை அணைத்துவிட்டு ஒன்று அல்லது இரண்டாம் படியில் வையுங்கள். ஒவ்வொரு முறை கால் எடுக்கும்போதும் வண்டி சுண்டி இழுத்தால், மூன்றாவது வளைவுக்குள் யாராவது ஒருவர் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்.

பிரேக் பட்டை தேயாது என்பது பெருமைக்குரிய விஷயமாகச் சொல்லப்படுகிறது. இடுக்கி மழையில் அது ஒரு தொல்லையும்கூட. பயன்படாத டிஸ்க் துருவேறும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, மின்னாக்கத்தைப் பூஜ்யத்தில் வைத்து நாலைந்து முறை பிரேக்கை அழுத்தமாகப் பிடியுங்கள்.

வீட்டு லைன்

கார் எது என்று முடிவு செய்வதற்கு முன் எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கிரெட்டாவின் 11 கிலோவாட் ஏசி சார்ஜர் ஐந்து மணி நேரத்துக்குள் பேட்டரியை நிரப்பும் என்பது த்ரீ பேஸ் இருந்தால்தான். சிங்கிள் பேஸ் வீட்டில் இரண்டு வண்டிகளும் 7 கிலோவாட் வட்டாரத்தில்தான் ஏறும். 20 சதவீதத்திலிருந்து நிரம்ப ஆறரை, ஏழு மணி நேரம். ராத்திரி தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும் என்பதால், த்ரீ பேஸ் இல்லாதவர் 11 கிலோவாட்டுக்காக ஏங்க வேண்டியதில்லை.

7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் மின்சாரத்தை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். இதற்கு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும்: குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 40 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லியாம்பியர் கசிவு காப்பான். அந்தக் காப்பான் நேர்மின் கசிவையும் உணரும் வகையாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் பொதுவாகப் போடுவது போதாது. தோட்ட வீடுகளில் மீட்டர் ஓரிடத்திலும் கார் நிற்கும் கொட்டகை வேறிடத்திலும் இருக்கும். 50 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 வோல்ட் விழும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் 6 வோல்ட்டாகக் குறையும். சாயங்காலம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் லைன் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு ஏற்கனவே 200 வோல்ட்தான் வருகிறது என்றால், இந்த 4 வோல்ட் சார்ஜர் ஓடுமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும். ராத்திரி 11 மணிக்கு மேல் ஓடும்படி நேரம் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மலைவீட்டில் அதிகம் தகராறு செய்வது எர்த். பாறையும் கல்லும் கலந்த மண்ணில் ஒரு குழாயை அடித்துவிட்டால் எர்த் ஆகிவிடாது. மின்தடை 5 ஓமுக்குள் வர வேண்டும்; நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் சார்ஜர் சிவப்பு விளக்கோடு நின்றுவிடும், வாங்கியவர் வண்டியில் கோளாறு என்று நினைப்பார். 3 மீட்டர் செம்பு பூசிய கம்பி, சுற்றிலும் பென்டோனைட் களிமண். தேவைப்பட்டால் இரண்டு குழி தோண்டி இணையுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்றும் வாய் மேலே தெரியும்படி மூடி போடுங்கள். ஐப்பசி மாதத்துச் சாயங்கால இடி இடுக்கி மலையில் கடுமை. டிபியில் (மின் பகிர்வுப் பெட்டியில்) மின்னல் காப்பான் வைத்தாலும், வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றிவிடுவதே சரி.

வண்டியோடு வரும் 15 ஆம்பியர் சார்ஜரை அடுப்படி சாக்கெட்டில் மாட்டாதீர்கள். பத்து மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியர் போனால் சாதாரண பிளாஸ்டிக் சாக்கெட் இளகும். தொழிற்சாலை வகை சாக்கெட், 4 சதுர மில்லிமீட்டர் தனி வயர் போட்டுக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் தோட்டத்து இலவச விவசாய இணைப்பில் கார் ஏற்றவே கூடாது. ஒரு பயனுக்குக் கொடுத்த இணைப்பை வேறு பயனுக்கு எடுப்பது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் வரும். அபராதம் ஒருபக்கம், இணைப்பு சிக்கலாவது மறுபக்கம்.

மாதம் 1000 கிலோமீட்டர் ஓடினால், ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 165, 170 யூனிட் மீட்டரில் ஓடும். இரண்டு மாதத்துக்கு 340 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறுகிறது. கேரளத்தில் மாதம் 250ஐத் தாண்டினால் அடுக்கு முறை போய், மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர் விலை. இரண்டு பக்கமும் கோடு ஒரே இடத்தில்தான் விழுகிறது. இப்போதே இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எரியும் வீடு, கார் வந்ததும் கோட்டைத் தாண்டிவிடும். ஈபி ஆபீசிலோ கேஎஸ்இபி செக்‌ஷனிலோ காருக்குத் தனி இணைப்பு என்ன விலை என்று கேட்டு, இரண்டையும் எழுதிப் பாருங்கள். கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரும். மத்திய அரசின் மானியம் அந்த அளவுக்கு 78,000 ரூபாய். கம்பத்தில் இது கைகொடுக்கும். ஆறு மாதம் மேகம் மூடும் மலைமேல் அந்த அளவு எதிர்பார்க்க முடியாது.

எந்தப் பக்கம் பதிவு

கேரளத்தில் 2025 ஏப்ரல் முதல் மின்கார்களுக்கு விலையைப் பொறுத்து வரி: 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10. அறிமுக விலையை வைத்தே பார்த்தால், 55 யூனிட் கர்வ் 19.25 லட்சத்தில் தொடங்கியது. 8 சதவீதம் என்றால் 1.54 லட்சம். 51.4 யூனிட் கிரெட்டா 21.5 லட்சத்தில் தொடங்கியது. 10 சதவீதம், 2.15 லட்சம். விலை வித்தியாசத்தோடு இந்த 61,000 ரூபாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டின் விலையும் பிறகு மாறியிருக்கின்றன. வாங்கும் நாளில் எந்த வகை 20 லட்சக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை சாலை வரி முழுவிலக்கு இருந்தது. பதிவு செய்யும் நாளில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறது என்று ஆர்டிஓ ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குமுளியில் குடியிருந்துகொண்டு கூடலூர் மாமா வீட்டு முகவரியில் பதிவு செய்யும் யோசனை எல்லோருக்கும் வரும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். விபத்து நேர்ந்து காப்பீடு கேட்கும் நாளில் முகவரிக் கேள்வி எழுந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். உண்மையிலேயே வண்டி எங்கே உறங்குகிறதோ அங்கேயே பதியுங்கள்.

வழியில் ஏற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கர்வ் 70 கிலோவாட் வரை உள்வாங்கும், 10இலிருந்து 80 சதவீதத்துக்கு 40 நிமிடம் என்கிறார்கள். கிரெட்டாவுக்கு 50 கிலோவாட்டில் 58 நிமிடம். வழியில் உங்களுக்குக் கிடைப்பது 60 கிலோவாட் நிலையமாக இருந்து, அதில் இன்னொரு வண்டியும் மாட்டியிருந்தால், இந்த வித்தியாசம் கரைந்துவிடும். கேரளத்தில் மின்கம்பங்களில் பொருத்தியிருக்கும் சின்ன சார்ஜர்கள் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் ஆனவை. வரைபடத்தில் அவற்றையும் எண்ணி நம்பிப் போகாதீர்கள்.

தோட்டத்துக்குள் ஜீப் போகும் தடத்தில் இரண்டையும் இறக்க வேண்டாம். முன்சக்கர வண்டி, அடியில் முழு நீளத்துக்குப் பேட்டரி. ஒரு கல் அடித்துப் பெட்டி நசுங்கினால் செலவு இன்ஜின் செலவைத் தாண்டும். பேட்டரிக்குத் தனிக் காப்பீட்டுச் சேர்க்கை உண்டா என்று கேளுங்கள். தார்ச்சாலைப் பள்ளங்களுக்கு, கிரெட்டாவின் 17 அங்குல டயரில் ரப்பர் பக்கச்சுவர் 129 மில்லிமீட்டர். கர்வின் 18 அங்குலத்தில் 118. இந்த ஒரு விரல் அகலம் ரிம்மைக் காப்பாற்றும். சாமான் இடத்தில் கர்வ் 500 லிட்டர், கிரெட்டா 433. ஆனால் முன்னால் இருக்கும் பெட்டி கிரெட்டாவில் 22 லிட்டர், கர்வில் அதைவிடச் சின்னது. கர்வின் கூரை பின்னால் சரிவதால் உயரமானவர்கள் பின்சீட்டில் தலை இடிக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிரெட்டாவில் தரை உயர்ந்திருப்பதால் தொடைக்குத் தாங்கல் போதுமா என்று பார்க்க வேண்டும். கர்வ் ஈவி பாரத் என்சிஏபி மோதல் பாதுகாப்புச் சோதனையில் 2024இல் 5 நட்சத்திரம் வாங்கியிருக்கிறது.

பேட்டரி உத்தரவாதத்தில் கர்வ் தெளிவாக முந்துகிறது. முதல் தனிநபர் உரிமையாளருக்கு 15 வருடம், கிலோமீட்டர் வரம்பு இல்லை. கிரெட்டாவுக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். வண்டியைப் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம். நாலு வருடத்தில் மாற்றுகிறவருக்கு அவ்வளவு இல்லை.

என் கருத்து இது. போடி, கம்பம், சின்னமனூர், கூடலூரில் சிங்கிள் பேஸ் வீட்டிலிருந்து மேலே போய்வருகிறவர் கர்வ் 55ஐ வாங்கலாம். வெப்பம், 100 சதவீதப் பழக்கம், உத்தரவாதம், கேரளத் தோட்டத்துச் சாமான் எல்லாமே அதற்குச் சாதகம். மலைமேல் த்ரீ பேஸ் வீட்டில் இருந்துகொண்டு தினமும் இறக்கத்தோடு நாளைத் தொடங்குகிறவர் கூடுதல் விலை கொடுத்தாலும் கிரெட்டாவை வாங்கலாம். மேலே சிங்கிள் பேஸ் வீடு என்றால்கூட என் வாக்கு கிரெட்டாவுக்குத்தான். விலை இடித்தால் மட்டும் கர்வை எடுத்து, வாராந்திர 100 சதவீத ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன், டெஸ்ட் டிரைவை ஊருக்குள் முடித்துக்கொள்ளாமல் மலைப்பாதைக்கு எடுத்துப் போகக் கேளுங்கள். முந்தல் செக்போஸ்டில் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, நாலு பேரோடு போடிமெட்டு வரை ஏறுங்கள். மேலே ஒருமுறை, இறங்கி வந்து ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் 18க்கு மேல் போயிருந்தாலோ, இறக்கத்தில் 3 கூடக் கூடவில்லை என்றாலோ, டயர் காற்றையும் ஏசி வைத்த அளவையும் முதலில் சரிபார்த்து மறுபடி ஓட்டுங்கள். ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: உயர் அழுத்த பேட்டரியைத் திறக்க அனுமதியுள்ள பட்டறை தேனியிலா, மதுரையிலா, கோட்டயத்திலா? வண்டி நின்றுவிட்டால் சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கக் கூடாது. முழு வண்டியையும் மேலே ஏற்றும் லாரிதான் வர வேண்டும், அது எங்கிருந்து வரும், எத்தனை மணி நேரத்தில் வரும் என்று எழுதி வாங்குங்கள். நடுவழியில் நிற்கும் மின்கார்களில் பலவற்றின் குற்றவாளி பெரிய பேட்டரி அல்ல, கதவையும் கணினியையும் எழுப்பும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது செத்தால் 80 சதவீதம் சார்ஜ் இருந்தும் வண்டி எழாது, தள்ளியும் கிளப்ப முடியாது. அதன் இடத்தை ஒப்படைக்கும் நாளிலேயே காட்டச் சொல்லி, ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டரை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் ஆனதும், அது சாகக் காத்திருக்காமல் சோதித்து மாற்றிவிடுங்கள்.